மூன்று சக்கர மோட்டாரும் முன் டயரும்



நம் பேராக் மாநிலத்துத் தோட்டப் புறங்களில் மூன்று சக்கர மோட்டாரைக் காணாத நாளில்லை. சுங்கை சிப்புட் பக்கம் போனாலும், பீடோர், தாப்பா, தெலுக் இந்தான் பக்கம் போனாலும் அது நம் எதிரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. கப்சாய் என்று நாம் அழைக்கும் சிறிய மோட்டாரின் இடப்பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு ஒரு சக்கரம். அதன்மேல் ஒரு பெட்டி. செம்பனைக் குலையும், கட்டிப்பால் மூட்டையும், மாட்டுக்குப் புல்லும், சந்தைக்குக் காய்கறியும் அந்தப் பெட்டியில்தான் போகின்றன. காலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் வந்து இறங்குகிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. பின்புறம் இரண்டு சக்கரங்களைப் பொருத்திய மோட்டார் அது. இனிப்பு நீர் நோயினாலோ விபத்தினாலோ காலை இழந்தவர்கள், பிறர் கையை எதிர்பாராமல் மருந்து வாங்கவும் கடைக்குப் போகவும் அந்த வண்டியையே நம்பியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு வகை வண்டிக்காரர்களும் சொல்லும் குறை ஒன்றே. "சார், 30, 40-இல் போகும்போது ஹேண்டல் உதறுது. கையை லேசா விட்டா இடமும் வலமும் ஆடுது. டயரை மாத்தணும்னு சொல்றாங்க. எந்த டயர் போடறது?" பள்ளி வாசலில் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. ஆசிரியர்களாகிய நாங்கள் பட்டறைக்காரர்கள் அல்லர். ஆனாலும் இக்கேள்விக்குள் நல்ல அறிவியல் பாடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டியில் உட்கார்ந்து வருபவர்கள் நம் பிள்ளைகள். ஆகவே, இன்று அதைப் பற்றியே பேசுவோம்.

டயர் நமக்கு அந்நியமான பொருள் அன்று. பிரேசில் நாட்டு ரப்பர் விதையிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார்கள். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மரம் ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. அடுத்த பத்தாண்டுக்குள் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரைச் செய்தார். அதற்கு அவர் காப்புரிமை பெற்ற ஆண்டு 1888. அந்த டயரை முதலில் எதற்காகச் செய்தார் தெரியுமா? தம் மகன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளுக்காக! கரடுமுரடான தரையில் பிள்ளையின் வண்டி குலுங்காமல் போகவேண்டும் என்பது ஒரு தந்தையின் கவலை. இன்று நம் வீட்டிலும் அதே கவலைதான்.

சரி, ஹேண்டல் ஏன் உதறுகிறது?

பேரங்காடியில் சாமான் வைத்துத் தள்ளும் தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முன் சக்கரம் சில வேளைகளில் தடதடவென்று இடமும் வலமும் ஆடும். அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அச்சு முன்னே இருக்கிறது. சக்கரம் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னே இருக்கிறது. அதனால் சக்கரம், தாயின் பின்னால் ஓடும் கன்றைப் போல, இழுத்த பக்கம் எல்லாம் தொடர்ந்து வருகிறது. மோட்டாரும் அப்படித்தான். ஹேண்டல் திரும்பும் அச்சின் வழியே ஒரு கோடு கிழித்துத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் முட்டும். அந்தக் கோட்டுக்கும் டயர் தொடும் இடத்துக்கும் நடுவே சில அங்குலம் இடைவெளி இருக்கும். அதைப் பின்தொடர் தூரம் என்று சொல்லிக்கொள்வோம்.

இந்தத் தூரம் நன்மைக்காகவே வைக்கப்பட்டது. ஒரு கல் தட்டிச் சக்கரம் விலகினால், அது தானே நேராகத் திரும்பி வரும். ஆனால் திரும்பி வரும் வேகத்தில் நேர்க்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டால்? மறுபடியும் திரும்பும், மறுபடியும் தாண்டும். ஊஞ்சல் ஆடுவது போலத்தான். ஊஞ்சலுக்குச் சரியான நேரத்தில் ஒவ்வொரு தட்டாகக் கொடுத்தால் ஆட்டம் பெருகுகிறது அல்லவா? அதேபோல் வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வரும்போது, டயர் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு தட்ட, உதறல் பெருகிவிடுகிறது.

இரண்டு சக்கர மோட்டார் வளைவில் சாய்ந்து திரும்பும். அதற்கு ஏற்றபடிதான் மோட்டாரைச் செய்தவர்கள் பின்தொடர் தூரத்தையும் முன் டயரையும் அமைத்தார்கள். அந்த மோட்டாரில் மூன்றாவது சக்கரத்தைப் பூட்டியதும் அது சாய முடியாமல் போகிறது. இனி ஹேண்டலைக் கைப்பலத்தால் திருப்பித்தான் வளைய வேண்டும். பளு முழுதும் முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. பெட்டி இடப்பக்கம் இருப்பதால் வேகம் கூட்டும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கும்; பிரேக் பிடிக்கும்போது வலப்பக்கம் தள்ளும். இத்தனையையும் தாங்குவது ஒரே ஒரு முன் டயர். சாய்வதற்காகச் செய்த டயர், சாயாத வண்டியில் வேலை செய்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்த டயரை வாங்குவது என்பது தானே விளங்கும்.

முதலாவது, டயரின் அளவு. கப்சாய் மோட்டார்களில் முன் டயர் 2.25-17, பின் டயர் 2.50-17 என்ற அளவுகளைப் பரவலாகக் காணலாம். முதல் எண் டயரின் அகலம். 17 என்பது ரிம்மின் குறுக்களவு. இரண்டும் அங்குலக் கணக்கு. பார்வைக்கு வாட்டசாட்டமாக இருக்கட்டும் என்று சிலர் 2.75 அளவை முன்னால் போடுகிறார்கள். டயர் அகலமானால் உயரமும் கூடும். உயரம் கூடினால் பின்தொடர் தூரமும் கூடும். சக்கரத்தின் ஆரம் 10 மில்லிமீட்டர் கூடும்போது, வழக்கமான மோட்டாரில் அந்தத் தூரம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கூடுகிறது. ஹேண்டல் இன்னும் கனக்கும். உதறலுக்கும் இடம் கொடுக்கும். அகலமான டயர் சாலையில் உள்ள தடத்தின் விளிம்பில் ஏறும்போது ஹேண்டலைப் பறிக்கவும் பறிக்கும்.

இதற்கு நேர்மாறாக, இளைஞர்கள் சிலர் சைக்கிள் டயர் போன்ற ஒல்லி டயரை விரும்புகிறார்கள். பெட்டி கட்டிய வண்டிக்கு அது ஆகவே ஆகாது. ஒரு செம்பனைக் குலை 20 கிலோ என்று வைத்தாலும், பத்துக் குலைக்கு 200 கிலோ ஆயிற்று. குழியில் இறங்கினால் ஒல்லி டயர் நசுங்கி, ரிம் தரையில் இடிக்கும். ஆகவே, மோட்டாரைச் செய்தவர் குறிப்பிட்ட அளவே நல்ல அளவு.

இரண்டாவது, டயர் தாங்கும் பளு. டயரின் பக்கச் சுவரில் அளவை அடுத்து 33 எல், 38 எல், 41 பி என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் பளுவைக் குறிக்கிறது. 33 என்றால் அந்த டயர் 115 கிலோ தாங்கும்; 38 என்றால் 132 கிலோ; 41 என்றால் 145 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிக்கிறது. எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர். பி என்றால் 150 கிலோமீட்டர். நமக்கு வேகம் தேவையில்லை, பளுதான் தேவை. ஒரே அளவில் இரண்டு டயர் இருந்தால், பளு எண் கூடியதை எடுங்கள். 4 பி.ஆர்., 6 பி.ஆர். என்ற குறியும் இருக்கலாம். அது டயருக்குள் இருக்கும் நூல் அடுக்கின் வலிமையைச் சொல்கிறது. எண் கூடினால் பக்கச் சுவர் விறைப்பாக இருக்கும். பக்கவாட்டில் நெருக்கும்போது எளிதில் வளைந்து கொடுக்காது. சாயாத வண்டிக்கு இந்த விறைப்பு நல்லது.

மூன்றாவது, டயரின் பூ. சில டயர்களில் சுற்றிலும் ஓடும் நீண்ட வரிகள் இருக்கும். சிலவற்றில் கட்டி கட்டியாகப் பூ இருக்கும். முன் சக்கரத்துக்கு வரி டயர் ஏற்றது. சக்கரம் நேராக ஓட அந்த வரிகள் துணை செய்கின்றன. பெரிய கட்டிப் பூ சேற்றைக் கவ்விப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதே கட்டிகள் தார்ச் சாலையில் ஒவ்வொன்றாக மடங்கி நிமிரும். அந்தத் தட்டே உதறலுக்கு ஊஞ்சல் தட்டாகிவிடும். நீங்கள் நாள் முழுவதும் செம்பனைக் காட்டுக்குள்ளேயே ஓட்டுகிறீர்களா, அல்லது பெரும்பாலும் தார்ச் சாலையில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். காட்டு வண்டிக்குக் கட்டிப் பூ இருக்கட்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பெரிய சாலைக்கு வரும் வண்டிக்கு வரி டயரோ, நெருக்கமான சிறு பூ டயரோ போதும்.

நான்காவது, டயரின் வடிவம். புதிய மோட்டார் டயரைக் குறுக்கே பார்த்தால் முட்டையின் முனைபோல உருண்டிருக்கும். மூன்று சக்கர வண்டியில் அதன் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். ஓடஓட நடுவில் தட்டையாகி, இருபுறமும் விளிம்பு எழும்பிவிடும். ஹேண்டலைச் சிறிது திருப்பினால் டயர் தட்டையிலிருந்து விளிம்புக்கு ஏறி இறங்கும். "நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டிதானே!" என்பவர்கள் முதலில் டயரை விரலால் தடவிப் பார்க்கட்டும். விளிம்பு தட்டுப்பட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. ஆகவே, வாங்கும்போதே நடுப்பகுதி அதிகம் கூராக இல்லாத, சற்றுத் தட்டையான டயரைப் பார்த்து எடுங்கள். பூவின் பள்ளத்துக்குள் சிறு மேடு ஒன்று வைத்திருப்பார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், பிறகு ஒரு நாளும் ஓட்டக்கூடாது.

ஐந்தாவது, டயரின் வயது. ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெயிலில் கிடந்த ரப்பர் இறுகி வெடிக்கும் என்பது பால் வெட்டிய கைக்குத் தெரியும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 1523 என்றிருந்தால், 2023-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஐந்து ஆண்டுக்கு மேல் கடையில் தொங்கிய டயரை, விலை மலிவென்று வாங்க வேண்டாம். பிறர் கழற்றிப் போட்ட பழைய டயரை முன் சக்கரத்துக்கு மாட்டவே வேண்டாம். பின் டயர் வெடித்தால் வண்டி தடுமாறும். முன் டயர் வெடித்தால் ஹேண்டலே நம் கையில் இராது.

டயரை வாங்கியாயிற்று, மாட்டும்போதும் கண் வேண்டும். டயரில் உள்ள அம்புக்குறி சுழலும் திசையைக் காட்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது காற்றுக் குழாயின் அருகே வரவேண்டும். டயரின் கனம் குறைந்த இடம் அதுதான். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு சுற்றிலும் ஒரே அளவாகத் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் மறைந்து ஓரிடத்தில் எழும்பினால், புது டயரே உதறலை உண்டாக்கும். டியூபும் டயரின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

நேயர்களே, இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உதறல் வந்தவுடன் டயர் கடைக்கு ஓடாதீர்கள். காய்ச்சல் வந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுக்க முடியுமா? உதறலும் அப்படித்தான். காசு செலவில்லாத சோதனைகளை முதலில் செய்து பாருங்கள்.

காற்றிலிருந்து தொடங்குங்கள். காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளவெடுக்க வேண்டும். பல கப்சாய்களின் முன் டயருக்கு 25 முதல் 29 பவுண்டு வரை குறிப்பிட்டிருப்பார்கள். உங்கள் வண்டிக்குரிய அளவு வண்டியில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ இருக்கும். காற்றுக் குறைந்த டயர் துவண்டு உதறும், மிகுதியானால் குதிக்கும். டியூபில் காற்று ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு முறை பார்ப்பது வழக்கமாகட்டும்.

அடுத்து, எஞ்சினுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்கள். ஒரு குச்சியை ரிம்முக்கு மிக அருகே அசையாமல் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். ரிம் குச்சியை நெருங்கியும் விலகியும் போவது 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது கம்பிகள் தளர்ந்திருக்கின்றன. பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடக்கென்று ஆடினால் சக்கரத்தின் பேரிங் போய்விட்டது. முன் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். கழுத்தில் ஆட்டம் தெரிந்தால் ஹேண்டல் குண்டுகள் தளர்ந்துவிட்டன. ஹேண்டலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல் தங்கினால் குண்டு ஓடும் கிண்ணம் தேய்ந்துவிட்டது. பழைய சி-70 வண்டி வைத்திருப்பவர்கள், முன் சக்கரத்தைத் தாங்கும் சிறு கைகளின் புஷ்களையும் பார்க்க வேண்டும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இவையெல்லாம் சரியில்லாமல் புது டயரை மாட்டுவது, அச்சாணி போன தேருக்குப் புதுச் சீலை கட்டுவதற்குச் சமம்.

பெட்டியின் சக்கரத்தையும் பாருங்கள். அது மோட்டாருக்கு நேராக, முன்பக்கம் மிகச் சிறிதளவே உள்நோக்கி இருக்க வேண்டும். வெளிநோக்கிப் பிரிந்திருந்தால் வண்டி எந்நேரமும் ஒரு பக்கம் இழுத்து, முன் டயரைத் தின்றுவிடும்.

இன்னும் ஒன்று, பளுவை வைக்கும் முறை. குலைகளைப் பெட்டியின் பின்கோடியில் குவித்தால், பின் சக்கரம் அழுந்தி முன் சக்கரம் எழும்பப் பார்க்கும். தரையை அழுத்தாத முன் சக்கரம் சிறு கல்லுக்கும் உதறும். கனமானவை பெட்டியின் அடியிலும், பின் அச்சுக்கு முன்னாலும் இருக்கட்டும். டயரின் குறையென்று நினைத்த உதறல், மூட்டையை ஓர் அடி முன்னே நகர்த்தியதும் அடங்குவதுண்டு.

இவ்வளவும் செய்தும் உதறல் அடங்கவில்லையானால், குறை வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. பக்கப்பெட்டி வண்டிக்குப் பெயர்போன ரஷ்யாவின் உரால் மோட்டாரில், அதற்கென்றே தனி வகை முன் ஃபோர்க் அமைத்திருக்கிறார்கள். ஹேண்டலின் ஆட்டத்தைத் தாங்கி அடக்கும் சிறு அதிர்வடக்கியும் உண்டு. ஆனால் அறுத்து ஒட்டும் வேலையைத் தெரிந்த கைக்கு மட்டுமே கொடுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், வண்டியின் அமைப்பை மாற்ற ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதிப் பணம் கேட்கும்போதும் தொல்லை வரலாம். கால் இழந்தவர்களுக்காக வண்டி செய்ய நினைப்பவர்கள், ஈப்போவுக்குப் போய் முதலில் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பிறகு பட்டறைக்குப் போவதே நல்லது.

ஓடும்போதே உதறல் வந்துவிட்டால் என்ன செய்வது? முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். இரண்டு கையாலும் ஹேண்டலை உறுதியாகப் பிடித்து, உடம்பைச் சற்று முன்னே கொண்டுவந்து, வேகத்தை மெல்லக் குறையுங்கள். ஒரு கையில் குடையும் ஒரு கையில் ஹேண்டலுமாக ஓட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டி ஆண்களின் காரியம் என்று ஒதுங்கியிருக்க வேண்டாம். பெட்டியில் ஏறுவது நீங்களும் உங்கள் பிள்ளைகளும். "டயரில் காற்றுப் பார்த்தாயிற்றா?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஐந்தாம், ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், டயரில் உள்ள எண்களை அவனையோ அவளையோ விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அளவு என்ன, எத்தனை கிலோ தாங்கும், எந்த ஆண்டு செய்தது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். அடுத்த டயர் வாங்கக் கடைக்குப் போகும்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருந்தால், கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வரவேண்டிய நிலை இராது. வேண்டியதைக் கேட்டு வாங்கி வரலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மரக்கட்டை, ஒரு குச்சி, காற்றளவு பார்க்கும் கருவி ஒன்று, இவை போதும். திங்கட்கிழமை காலை பிள்ளைகள் ஏறுமுன் வண்டி தயாராகிவிடும்.